கணினியின் நாட்குறிப்பும் அதன் காவலும்



கணினிகள் தமக்குத் தாமே எழுதிவைக்கும் நாட்குறிப்பைப் பற்றியும், அதனை எழுதிய கணினியிலேயே விட்டுவிடாமல் வலைப்பின்னல் வழியாக வேறோர் இடத்துக்குப் பத்திரமாக அனுப்பிவைக்கும் முறையைப் பற்றியும் இன்றைய உரையில் காண்போம். தலைப்பைக் கேட்டதும், 'இது கணினித் துறையினருக்கு உரிய செய்தியாயிற்றே, நமக்கு இதில் என்ன இருக்கிறது?' என்று சிலர் எண்ணக்கூடும். நம் சம்பளக் கணக்கு இன்று கணினியில் இருக்கிறது. சேமநிதிக் கணக்கும் அங்கேதான். மருத்துவமனைப் பதிவு, பிள்ளைகளின் தேர்வுப் புள்ளிகள், பள்ளி வருகை ஆகிய எல்லாமே கணினிக்குள் போய்விட்டன. இவற்றுள் ஏதேனும் ஒன்றை யாரோ மாற்றிவிட்டதாகப் புகார் எழுந்தால், மாற்றியவர் யார், எப்பொழுது மாற்றினார் என்று சொல்ல முன்வரும் முதல் சாட்சி அந்த நாட்குறிப்புத்தான். அந்தச் சாட்சி கெட்டுப்போகாமல் காப்பது எப்படி என்பதே நமது பேச்சு.

ஆங்கிலத்தில் இந்த நாட்குறிப்பை 'லாக்' என்கிறார்கள். லாக் என்ற சொல்லுக்கு மரக்கட்டை என்பது பொருள். மரக்கட்டைக்கும் குறிப்பேட்டுக்கும் என்ன உறவு? பாய்மரக் கப்பல்கள் ஓடிய காலத்தில், கப்பலின் வேகத்தை அளப்பதற்கு ஒரு மரத்துண்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகையில் மணல் இறங்கி முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்து ஓடின என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை ஓர் ஏட்டில் குறித்துவைப்பார்கள். அந்த ஏடே லாக் புத்தகம் எனப்பட்டது. பின்னர்க் காற்றின் திசை, புயல், விபத்து, மாலுமிகள் செய்த குற்றம் என்று கப்பலில் நடந்தவை யாவும் அதில் ஏறின. கப்பலுக்கு ஏதேனும் நேர்ந்தால் விசாரணை மன்றம் முதலில் கேட்பது அந்த ஏட்டைத்தான். கணினித் துறையும் அதே பெயரைக் கடன் வாங்கிக்கொண்டது.

கணினியின் ஏட்டில் என்னதான் எழுதப்படுகிறது? யார் உள்ளே நுழைந்தார், எந்த நேரத்தில் நுழைந்தார், கடவுச்சொல்லைத் தவறாகக் கொடுத்தவர் எந்தப் பெயரில் முயன்றார், எந்தக் கோப்புத் திறக்கப்பட்டது, எவருக்குப் புதிதாக அதிகாரம் வழங்கப்பட்டது என்பன போன்றவை வரி வரியாகப் பதிவாகின்றன. லினக்ஸ் என்னும் இயக்க முறையில் தணிக்கைக்கென்றே தனி அமைப்பு ஒன்று உண்டு. ஒருவர் தம் சொந்தப் பெயரில் நுழைந்து, பிறகு நிர்வாகியின் அதிகாரத்தை எடுத்துக்கொண்டாலும், அவர் முதலில் எந்தப் பெயரில் நுழைந்தாரோ அந்தப் பெயரின் அடையாள எண் ஒவ்வொரு வரியிலும் தொடர்ந்து வரும். சட்டையை மாற்றிக்கொண்டாலும் ஆளை அடையாளம் காட்டிவிடும் ஏற்பாடு அது.

இத்தகைய பதிவுகளைக் கொண்டு கணினியில் நடக்கும் முறைகேடுகளைக் கண்டுபிடிக்கலாம் என்பதை ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற அமெரிக்க வல்லுநர் 1980ஆம் ஆண்டில் ஓர் அறிக்கையாக எழுதினார். 1983இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட கணினிப் பாதுகாப்பு அளவுகோல் நூல், அதன் அட்டையின் நிறத்தால் 'ஆரஞ்சுப் புத்தகம்' என்றே பெயர் பெற்றது. குறிப்பிட்ட தரத்துக்கு மேற்பட்ட கணினி அமைப்புகள் தணிக்கைப் பதிவு வைத்திருக்க வேண்டும், அனுமதி இல்லாதவர் அதனைத் திருத்தவோ அழிக்கவோ முடியாதபடி காக்க வேண்டும் என்று அந்த நூல் வரையறுத்தது.

'அனுமதி இல்லாதவர் திருத்த முடியாதபடி' என்று சொல்லிவிடலாம். நடைமுறையில் அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு கணினியிலும் எல்லா அதிகாரமும் கொண்ட ஒரு நிர்வாகிக் கணக்கு உண்டு. திருட்டுத்தனமாக நுழைகிறவன் குறிவைப்பது அந்த அதிகாரத்தைத்தான். அது அவன் கைக்குக் கிடைத்துவிட்டால், அவன் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று, தான் வந்த தடத்தை ஏட்டிலிருந்து துடைப்பது. பூட்டை உடைத்து உள்ளே வந்தவன், வாசற்காவலரின் வருகைப் புத்தகத்தையும் எடுத்துத் தன் பெயருள்ள தாளைக் கிழித்துவிட்டுப் போவதற்கு ஒப்பானது இது.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க அதிகச் சொற்கள் தேவையில்லை. காலையில் பிரட்டுக் களத்தில் பேர் குறிக்கிறார்கள். பால் மரம் வெட்டி முடித்துக் கொண்டுவரும் பால் நிறுக்கப்படுகிறது. நிறுத்த எடையை அந்த இடத்திலேயே ஒரு கையேட்டில் எழுதுகிறார்கள். பின்னர் அலுவலகத்தில் கிராணி அதனைச் செக்ரோலில் ஏற்றுகிறார். தொழிலாளியும் தம் எடையைத் தனியாக ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொண்டால், மாதக் கடைசியில் சம்பளத்தில் குறைவு தெரியும்போது மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. மூன்றும் ஒரே மேசை அறையில், ஒரே சாவிக்குள் இருந்தால் ஒப்பிட்டுப் பயன் என்ன? பதிவு வெவ்வேறு கைகளில் இருக்கும்போதுதான் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாகிறது. கணினிப் பதிவை வலைப்பின்னல் வழியாக வேறிடத்துக்கு அனுப்புவதன் அடிப்படை நோக்கமும் இதுதான்.

இந்த உண்மையை நடைமுறையில் காட்டிய புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், கணினியைப் பயன்படுத்தியோர் செலுத்த வேண்டிய கட்டணக் கணக்கில் 75 சென்டு உதைத்தது. கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியல் அறிஞர் அந்தச் சிறு பிழையின் காரணத்தைத் தேடினார். தேடத் தேட, வெளியிலிருந்து யாரோ ஒருவன் நிர்வாகியின் அதிகாரத்தையே பெற்று உலவுகிறான் என்பது தெரியவந்தது. அவன் நடமாட்டத்தை அதே கணினியில் பதிந்துவைத்தால் அவன் அதனைக் கண்டு அழித்துவிடுவான். ஆகவே ஸ்டோல் ஒரு வார இறுதியில் அச்சுப்பொறிகளையும் சிறு கணினிகளையும் இரவல் வாங்கிவந்து, வெளியிலிருந்து உள்ளே வரும் சுமார் 50 தொலைபேசி இணைப்புகளில் பொருத்தினார். இணைப்பில் தட்டப்பட்ட ஒவ்வோர் எழுத்தும் தாளில் அச்சாயிற்று. கணினிக்குள் எவ்வளவு அதிகாரம் இருந்தாலும், அறையின் மூலையில் அச்சாகிவிட்ட தாளை அவனால் தொட முடியவில்லை. அவன் அன்றைய மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரிலிருந்து இயங்கியதும், திரட்டிய செய்திகள் சோவியத் உளவுத் துறைக்கு விற்கப்பட்டதும் பிறகு வெளிப்பட்டன. 1990இல் அவனும் கூட்டாளிகளும் ஜெர்மானிய நீதிமன்றத்தில் தண்டனை பெற்றனர்.

ஒவ்வொரு கணினிக்கும் ஓர் அச்சுப்பொறி வைத்துத் தாளைக் குவித்துக்கொண்டிருக்க இன்று எவராலும் இயலாது. அச்சுத் தாளின் நற்குணத்தை வலைப்பின்னலில் எவ்வாறு பெறுவது என்பதே கேள்வி. அந்தக் குணங்களை நான்காகப் பிரித்துப் பார்ப்போம். பதிவு உடனுக்குடன் போய்ச் சேர வேண்டும். வழியில் தொலையாமல் சேர வேண்டும். வழியில் எவரும் படிக்கவோ போலியை நுழைக்கவோ கூடாது. சேர்ந்த பின்னர் எவரும் மாற்றினால் தெரிந்துவிட வேண்டும்.

உடனுக்குடன் அனுப்பும் வழக்கம் 1980களின் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் 'சென்ட்மெயில்' என்ற மென்பொருளை உருவாக்கினார். அதன் துணையாக அவர் செய்த சிறிய கருவிக்குச் 'சிஸ்லாக்' என்று பெயர். பதிவை இந்தக் கணினியிலேயே எழுதலாம், அல்லது வலைப்பின்னலில் உள்ள வேறொரு கணினிக்கு அனுப்பலாம் என்ற வசதி அதில் இருந்தது. செய்தியின் அவசரத்தை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாகப் பிரித்தார்கள். பூச்சியம் என்றால் கணினியே பயன்படாத நிலை. ஏழு என்றால் மென்பொருள் செய்பவருக்கு மட்டும் பயன்படும் சில்லறைச் செய்தி. இந்த முறை வேகமாகப் பரவிற்று. எல்லாரும் பயன்படுத்திய இந்தப் பழக்கத்தை ஓர் ஆவணமாக எழுதிவைத்தது 2001ஆம் ஆண்டில்தான்.

அந்தப் பழைய முறையில் ஒரு குறை இருந்தது. அது பதிவை அஞ்சலட்டை போல அனுப்பிற்று. அஞ்சலட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டால் நம் வேலை முடிந்தது. சேர்ந்ததா என்று நமக்குத் தெரியாது. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அனுப்புநர் முகவரியில் இன்னொருவர் பெயரை எழுதிப் போட்டாலும் பெறுபவருக்குத் தெரியாது. கணினித் துறையில் இவ்வாறு அனுப்பும் முறைக்கு யூடிபி என்று பெயர். வலைப்பின்னலில் நெருக்கடி ஏற்பட்டால் முதலில் தொலைவன இந்த அட்டைகள்தாம். நெருக்கடி எப்பொழுது ஏற்படும்? பெரும்பாலும் தாக்குதல் நடக்கும்போதுதான். அதாவது, சாட்சி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது வாய்பேசாமல் போய்விடும்.

இதற்கு மாற்றாக டிசிபி என்ற முறை வந்தது. இதனைத் தொலைபேசி உரையாடலுக்கு ஒப்பிடலாம். இரு பக்கமும் முதலில் இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும், விட்டுப்போனவற்றை மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆயினும் இதிலும் ஒரு நுட்பமான ஓட்டை இருக்கிறது. தொலைபேசியில் நாம் பேசிக்கொண்டே இருக்கும்போது இணைப்பு அறுந்துவிட்டால், கடைசியாகச் சொன்ன சில வார்த்தைகள் மறுமுனையில் கேட்டனவா இல்லையா என்று நமக்குத் தெரிவதில்லை அல்லவா? அதுபோலவே, அனுப்பும் கணினி 'கொடுத்துவிட்டேன்' என்று நினைத்துக் கைகழுவிய சில வரிகள் இடையிலேயே மறைந்துவிடக்கூடும். ஜெர்மனியைச் சேர்ந்த ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் 2004இல் தொடங்கிய 'ஆர்சிஸ்லாக்' என்ற மென்பொருளில் இதற்கு ஒரு வழி செய்யப்பட்டது. பெறும் கணினி ஒவ்வொரு செய்திக்கும் 'பெற்றுக்கொண்டேன்' என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை அனுப்பிய கணினி அந்த வரியைத் தன் கையிருப்பில் வைத்திருக்கும். பதிவுத் தபாலில் கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டுத் திரும்பி வருவது போன்றது இது.

அடுத்தது, வழிப்பறியைத் தடுப்பது. இதற்கான விதி 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியாயிற்று. வங்கிக் கணக்கை இணையத்தில் பார்க்கும்போது இடையில் உள்ளவர் படிக்க முடியாதபடி செய்திகளை மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் என்ற முறையைப் பதிவுகளுக்கும் பயன்படுத்துவது எவ்வாறு என்று அது வகுத்தது. செய்தியை மறைப்பதோடு நின்றுவிடவில்லை. இரு பக்கமும் தம் சான்றிதழைக் காட்டி ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளவும் அதில் இடமுண்டு. இந்த இரண்டாவது பகுதியைச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவ்வாறு விடுவது தவறு. பெறும் கணினி உண்மையானதுதானா என்று பார்க்காமல் அனுப்பினால், நம் இரகசியங்களை அழகாக உறையிலிட்டு முத்திரையும் குத்தித் திருடன் கையில் கொடுத்தது போலாகும். அனுப்பும் கணினி உண்மையானதா என்று பார்க்காமல் வாங்கினால், பொய்யான வரிகளை எவரும் ஏட்டில் ஏற்றிவிடலாம்.

இணைப்பே அறுந்துபோனால் என்ன செய்வது? மழைக்காலத்தில் தோட்டப்புறத்து இணைய இணைப்பைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அனுப்பும் கணினி, இணைப்புத் திரும்பும்வரை வரிகளைத் தன் வட்டில் வரிசையாகச் சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் அதே வரிசையில் அனுப்ப வேண்டும். வட்டும் நிரம்பிவிட்டால்? இங்கே ஒரு கடினமான முடிவை மனிதர்கள் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். லினக்ஸ் தணிக்கை அமைப்பில், பதிவு எழுத இடமில்லாமற்போனால் எச்சரிக்கை மட்டும் செய்வதா, கணினியையே நிறுத்திவிடுவதா என்று நிர்வாகி தேர்ந்தெடுக்கலாம். பணக் கணக்கைக் காக்கும் கணினி, பதிவு இல்லாமல் ஓடுவதைவிட நின்றுபோவது மேல் என்று ஒரு நிறுவனம் முடிவு செய்யலாம். நோயாளியின் மூச்சைக் கண்காணிக்கும் கருவியை அவ்வாறு நிறுத்த முடியுமா? முடியாது. எது முக்கியம் என்பதை இயந்திரம் அறியாது. அதனை நாம்தான் சொல்ல வேண்டும்.

இனி, பதிவுகள் போய்ச் சேரும் கணினியைப் பார்ப்போம். எல்லாச் சாட்சிகளும் ஓரிடத்தில் கூடிவிட்டபடியால், அந்த இடத்துக்குக் காவல் அதிகம் தேவை. அந்தக் கணினியில் வேறு எந்த வேலையும் நடத்தக்கூடாது. பதிவை வாங்கும் ஒரு வாசலைத் தவிர மற்ற வாசல்கள் அடைத்திருக்க வேண்டும். மிக முக்கியமாக, மற்றக் கணினிகளின் நிர்வாகி யாரோ அவரே இதற்கும் நிர்வாகியாக இருக்கக்கூடாது. ஒரே கடவுச்சொல் இரண்டுக்கும் பொருந்தினால், இரண்டு கணினிகள் இருந்தும் ஒன்று இருந்ததற்கே சமம். மிகுந்த காவல் வேண்டும் இடங்களில், ஒளியிழைக் கம்பியின் ஒரு முனையில் ஒளி அனுப்பும் பகுதியும் மறுமுனையில் வாங்கும் பகுதியும் மட்டும் வைத்து, செய்தி ஒரு திசையில்தான் போக முடியும் என்று ஆக்கிவிடுகிறார்கள். கோவில் உண்டியலில் போட்ட காசைப் போட்டவரே வெளியே எடுக்க முடியாதல்லவா, அதைப்போல. இந்த ஒருவழிப் பாதையில் 'பெற்றுக்கொண்டேன்' என்ற பதில் திரும்பிவர வழியில்லை. ஆகவே நாம் குறைகூறிய அந்த அஞ்சலட்டை முறையே இங்கு மீண்டும் கைகொடுக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இத்தனை காவலையும் மீறி யாரேனும் பதிவைத் திருத்திவிட்டால் அதனைக் கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. எவ்வளவு நீண்ட எழுத்துக்கோவையைக் கொடுத்தாலும் அதிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண்ணைக் கணக்கிட்டுத் தரும் முறைகள் இருக்கின்றன. இன்று பரவலாகப் பயன்படும் ஷா 256 என்ற முறை, எழுதிக்காட்டினால் 64 இடங்கள் கொண்ட ஓர் எண்ணைத் தருகிறது. மூலத்தில் '9 மணி 14 நிமிடம்' என்பதை '9 மணி 15 நிமிடம்' என்று மாற்றினால் போதும், கிடைக்கும் எண் அடையாளமே தெரியாதபடி மாறிவிடும். இதனை அந்த எழுத்துக்கோவையின் கைரேகை எனலாம். இப்பொழுது, ஒவ்வொரு வரிக்கும் கைரேகை எடுக்கும்போது அதற்கு முந்தைய வரியின் கைரேகையையும் சேர்த்தே எடுப்போம். பூத்தொடுக்கும்போது ஒவ்வொரு பூவும் முந்தைய பூவின் காம்போடு சேர்த்துக் கட்டப்படுவது போல, வரிகள் யாவும் ஒரே சரமாகிவிடும். நடுவில் ஒரு வரியை உருவினாலும் அதற்குப் பின்னுள்ள எல்லாக் கைரேகைகளும் பொருந்தாமற்போகும்.

'திருடன் சரம் முழுவதையும் அவிழ்த்து மறுபடி கட்டிவிட்டால்?' என்று நம் மாணவரில் ஒருவர் கேட்டால், அது நல்ல கேள்வி. அதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, கடைசிக் கைரேகையை அவ்வப்போது அவன் கைக்கு எட்டாத இடத்தில் பகிரங்கமாக எழுதிவைப்பது. ஸ்டுவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா என்ற இருவர் 1991இல் இந்த வழியை விளக்கிக் கட்டுரை எழுதினர். அவர்களின் கருத்தை ஒட்டி அமைந்த நிறுவனம் 1995 முதல் வாரந்தோறும் அத்தகைய ஓர் எண்ணை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் விளம்பரமாக வெளியிட்டு வந்தது. வீடுதோறும் போய்விட்ட நாளிதழை எவரால் திருத்த முடியும்? மற்றொன்று, 1998இல் புரூஸ் ஷ்னையர், ஜான் கெல்சி ஆகியோர் விளக்கிய வழி. ஒவ்வொரு வரியையும் முத்திரையிட ஓர் இரகசியச் சாவி பயன்படும். வரி எழுதியவுடன் அந்தச் சாவியிலிருந்து அடுத்த சாவியைக் கணக்கிட்டுக்கொண்டு, பழைய சாவியைக் கணினி அழித்துவிடும். புதியதிலிருந்து பழையதைத் திரும்பக் கணக்கிட முடியாது. முதற்சாவி மட்டும் நம்பிக்கைக்குரிய வேறோர் இடத்தில் இருக்கும். ஆகவே இன்றிரவு நுழைந்த திருடன் இனிமேல் எழுதப்போவதைக் கெடுக்கலாம். அவன் வருவதற்கு முன் எழுதப்பட்ட வரிகளைத் திருத்தி அகப்படாமல் தப்ப அவனால் இயலாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பத்துக் கணினிகளின் பதிவுகள் ஓரிடத்தில் கூடும்போது, ஒவ்வொன்றின் கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டினால், முன்னது எது, பின்னது எது என்று சொல்ல முடியாது. தீபகற்ப மலேசியாவில் 1981ஆம் ஆண்டின் கடைசி இரவில் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னால் தள்ளி, 1982 பிறந்தபோது சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கினோம். சிங்கப்பூரும் அவ்வாறே செய்தது. அந்த ஒற்றுமை வருவதற்கு முன்பு, கோலாலம்பூரிலும் கோத்தா கினபாலுவிலும் ஒரே கணத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை நேரத்தை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் அரைமணி நேர வேறுபாடு தோன்றும். கணினிகளின் கடிகாரங்களை வலைப்பின்னல் வழியாகவே ஒன்றுபடுத்தும் முறையை டேவிட் மில்ஸ் என்ற அறிஞர் 1985இல் வெளியிட்டார். பதிவுகளைத் திரட்டும் எந்த அமைப்பும் முதலில் இதனைச் செய்துகொள்வது நலம்.

பதிவு பத்திரமாகச் சேர்ந்துவிட்டால் கடமை முடிந்ததா? சிங்கப்பூரில் நடந்ததை நினைத்துப் பார்ப்போம். 2018ஆம் ஆண்டு ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து ஏறக்குறைய 15 இலட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்கள் களவாடப்பட்டன. அவர்களில் சுமார் 1,60,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் போயின. 2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, தாக்குதலின் அறிகுறிகளைப் பணியாளர் சிலர் முன்னதாகவே பார்த்திருந்தும், உரியவர்கள் உரிய காலத்தில் செயற்படவில்லை என்று எடுத்துக்காட்டியது. ஏடு இருந்தால் போதாது. படிப்பவர் வேண்டும், படித்ததை யாரிடம் சொல்வது என்ற ஒழுங்கும் வேண்டும். வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவன் பெயருக்கு நேரே இரண்டு வாரம் சிவப்புக் குறி விழுந்திருந்தும், அவன் வீட்டுக்கு யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றால் பதிவேட்டால் அந்த மாணவனுக்கு என்ன பயன்?

இதுவரை திருடனைப் பிடிக்கும் கோணத்திலிருந்தே பேசினோம். நிரபராதியைக் காக்கும் கோணமும் இருக்கிறது. அதுவே நம் உள்ளத்தை அதிகம் தொடுகிறது. பிரிட்டனில் அஞ்சல் நிலையங்களுக்கு 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. அதனைச் செய்து கொடுத்தது புஜிட்சு நிறுவனம். அந்தக் கணினி, பணம் குறைகிறது என்று காட்டிற்று. கிளை அஞ்சல் நிலையங்களை நடத்தியவர்கள் 'நாங்கள் எடுக்கவில்லை' என்று கதறினார்கள். கணினி பொய் சொல்லாது என்று நம்பிய அஞ்சலகம் அவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர், பலர் சொத்தை இழந்தனர். கிளையில் உள்ள கணக்கை வெளியிலிருந்து எவரும் தொட முடியாது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. 2019 டிசம்பரில் இலண்டன் உயர்நீதிமன்றம், கணினி முறையில் கோளாறுகள் இருந்தன என்றும், கிளை நடத்துபவர் அறியாமலே தொலைவிலிருந்து அவர் கணக்கில் மாற்றம் செய்ய முடிந்தது என்றும் தீர்ப்புக் கூறியது. அத்தகைய அதிகாரத்தோடு உள்ளே நுழைந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முழுமையான பதிவே இல்லை. 2021 ஏப்ரலில் ஒரே நாளில் 39 பேரின் தண்டனைகள் இரத்தாயின. 2024இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியே எஞ்சியவர்கள் பலரை விடுவித்தது. அதற்குள் சிலர் இறந்துவிட்டிருந்தார்கள்.

அந்தக் கிளை நடத்துநரின் இடத்தில் நம் ஊர் மனிதர் ஒருவரை வைத்துப் பாருங்கள். கூட்டுறவுக் கடையின் கணக்காளர், ஆலயக் குழுவின் பொருளாளர், பள்ளியின் எழுத்தர் என்று யாராகவும் இருக்கலாம். கணக்கில் இரண்டாயிரம் வெள்ளி குறைகிறது. கணினி அவர் பெயரைக் காட்டுகிறது. அந்த நேரத்தில் அவர் பெயரில் யார் நுழைந்தார், எந்தக் கணினியிலிருந்து நுழைந்தார், நிர்வாகி எவரேனும் அந்தக் கணக்கைத் தொட்டாரா என்று சொல்லும் பதிவு, நிர்வாகியின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் அந்த மனிதரின் மானம் காக்கப்படும். இல்லையென்றால் அவர் சொல்லுக்கும் இயந்திரத்தின் சொல்லுக்கும் இடையில் ஊர் தீர்ப்புச் சொல்லிவிடும். எந்தப் பக்கம் சொல்லும் என்பது நாம் அறியாததன்று.

ஒரு எச்சரிக்கையும் இங்கே அவசியம். நாட்குறிப்பு என்பது மனிதர்களைப் பற்றிய குறிப்பு. யார் எப்பொழுது வேலைக்கு வந்தார், எந்த நோயாளியின் பதிவு திறக்கப்பட்டது என்பன எல்லாம் அதில் இருக்கின்றன. ஆகவே தேவைக்கு மேல் எழுதக்கூடாது. கடவுச்சொல், அடையாள அட்டை எண் போன்றவை ஏட்டில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை மாதம் வைத்திருப்பது, யார் பார்க்கலாம் என்பதை முன்னதாகவே வரையறுக்க வேண்டும். பார்த்தவர் பெயரும் பதிவாக வேண்டும். காவலரையும் கவனிக்க ஒரு கண் தேவைதானே!

பெரிய நிறுவனங்கள் இதற்கென்று ஆட்களை வைத்துக்கொள்ளும். சிறிய சங்கங்களும் பள்ளிகளும் என்ன செய்யலாம்? பழைய கணினி ஒன்றைத் துடைத்து, அதில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை நிறுவிப் பதிவுகளை வாங்க மட்டும் பயன்படுத்தலாம். அதன் சாவியைக் கணக்கு எழுதாத வேறொருவரிடம் கொடுக்கலாம். மாதம் ஒருமுறை கடைசிக் கைரேகை எண்ணைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதி, செயலவையினர் இருவர் கையொப்பமிடலாம். அந்த ஒரு வரிக்குச் செலவு ஏதுமில்லை. வெளியார் ஒருவரிடம் கணினி வேலையை ஒப்படைக்கும்போது, 'எங்கள் பதிவுகள் எங்கே போகின்றன? அவற்றை நீங்கள் அழிக்க முடியுமா?' என்ற இரண்டு கேள்விகளையும் தயங்காமல் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வந்தால், ஏற்பாட்டை மாற்றச் சொல்லலாம்.

பெற்றோர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணினி என்று சொன்னாலே விளையாட்டும் படமும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். நேர்மையான ஓர் ஏட்டை எழுதுவதும், அதனைக் கைபடாமல் காப்பதும், அதில் உள்ளதை ஒழுங்காகப் படித்துச் சொல்வதும் இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. கணிதத்தில் ஆர்வமும், சிறிய பிழையையும் விடாமல் தேடும் பொறுமையும் உள்ள பிள்ளைகளுக்கு அதில் இடம் இருக்கிறது. 75 சென்டுக் கணக்கை ஒருவர் அலட்சியமாக விட்டிருந்தால் ஹனோவரில் இருந்தவன் அகப்பட்டிருக்கமாட்டான் என்பதை அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.